மணிக்கு 5 ஹிட் பாயின்ட்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. வேலை, பொண்ணோட பள்ளிக்கூடம், தோட்டத்துல தண்ணிக்குழாய் உடைஞ்சது என்று வழக்கமான சாக்கு எல்லாம் கைவசம் இருக்கிறது. எதையும் சொல்லப் போவதில்லை. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

இது ஒரு நாய்ப் பதிவு. ஆனால் குரைக்கிற நாய் இல்லை. பென்சிலால் ஒரு அட்டையில் எழுதி வைத்த நாய். அந்த நாய் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சின்னப் பிள்ளைங்க விளையாட்டுக்கு இவ்வளவு யோசனையா என்று தங்கமணி கேட்டாச்சு. முழுசாப் படிச்சிட்டு நீங்களும் கேளுங்க :-)

முதலில் விளையாட்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம், மேசையும் பகடையும் போதும். ஒருத்தர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். பாட்டி கதை சொல்லும்போது பேரன் நடுவில் புகுந்து, "நான் அந்தக் கதவைத் திறக்க மாட்டேன்" என்றால், பாட்டி அங்கிருந்து கதையை மாற்றிச் சொல்லணும் இல்லையா? அதுதான் ஆட்டம். அடி விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் இருபது முகப் பகடை சொல்லும்.

எங்க வீட்டில், இங்கே பெர்த்தில், வெள்ளிக்கிழமை ராத்திரி 7 மணிக்கு நாலு பிள்ளைங்க கூடுவார்கள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். கதை சொல்கிற பாட்டி வேலை எனக்கு. ஆபீஸ் நண்பர்களோடு சில வருஷம் ஆடிப் பழகினதால் அந்தப் பதவி தானாக வந்து சேர்ந்தது. சாப்பாடு தங்கமணி பொறுப்பு. பாத்திரம் கழுவுவது யார் என்பது இந்தப் பதிவின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நாலாவது பையன் போன வருஷம்தான் ஓசூரிலிருந்து வந்தான். 11 வயசு. அவங்க அம்மா ஒரு நாள் கோயிலில் பார்த்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணா, இவன் வீட்ல சரியாவே பேசறதில்ல. ஸ்கூல்லயும் அப்படித்தானாம். ஒரு நாள் உங்க ஆட்டத்துக்கு அனுப்பட்டுமா?"

என்னம்மா ஆச்சு என்று விசாரித்தேன். நாய் ஆச்சு.

புலம் பெயர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாயை நேராகக் கொண்டுவர முடியாது. இந்தியா அவர்கள் ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் இல்லை. இன்னொரு நாட்டில் பல மாசம் தங்க வைத்து, அங்கிருந்துதான் கொண்டுவரணும். பிறகு இங்கே தனிமைப்படுத்தல் வேறு. வேலை விசாவில் வருகிற குடும்பத்துக்கு அதெல்லாம் ஆகிற காரியமா? நாய் ஓசூரில் தாத்தா பாட்டியிடம் இருக்கிறது. பெயர் மணி. சாதாரண நாட்டு நாய், காது ஒன்று மடங்கியிருக்கும்.

பையன் வந்தான். வில்லோடு காட்டில் திரிகிற ரேஞ்சர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டான். கையில் இருந்த பொற்காசில் 25ஐக் கொடுத்து ஒரு நாய் வாங்கினான். விதிப்புத்தகத்தில் மாஸ்டிஃப் என்று ஒரு வேட்டை நாய் அந்த விலைக்கு இருக்கிறது. அட்டையில் பெயர் என்ன எழுதினான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2014ல் வந்த புத்தகப்படி மாஸ்டிஃபுக்கு 5 ஹிட் பாயின்ட். அதாவது 5 அளவு அடி தாங்கும். காப்ளின் என்கிற குட்டிப் பூதம் வாளால் ஒரு வெட்டு வெட்டினால் சராசரி 5. ஆக, ஒரே வெட்டு. விதிப்படி, ஆட்டக்காரரின் பாத்திரம் 0க்கு வந்தால் மயங்கி விழும், பகடை உருட்டிப் பிழைக்கலாம். மற்ற உயிர்கள் 0க்கு வந்தால் செத்தது செத்ததுதான், கதை சொல்பவர் வேறு மாதிரி முடிவு செய்தால் ஒழிய.

நாயை விட்டுவிட்டு வந்த பையன் முன்னால், முதல் சண்டையிலேயே அதே பெயருள்ள நாய் ஒரே வெட்டில் சாகலாம். சாகவே சாகாது என்று சொல்லிவிடலாமா? 11 வயசுப் பையன் முட்டாள் இல்லை. பாவம் பார்க்கிறார்கள் என்று தெரிந்த நிமிஷம் ஆட்டத்தை விட்டு எழுந்து போய்விடுவான்.

சரி, இந்த விளையாட்டை எழுதினவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று புத்தகங்களைப் புரட்டினேன். ஐம்பது வருஷமாக அவர்களும் இதே நாயோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்!

2003ல் வந்த 3.5 பதிப்பில் நாயைப் பழக்குவதற்கு விலாவாரியாக விதி உண்டு. நாய்க்கு அதிகபட்சம் 6 பாடம். வா, இரு, காவல், தாக்கு, தேடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கற்றுக் கொடுக்கணும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஆகும். காயம்பட்ட நாய் சொன்ன பேச்சைக் கேட்பது இன்னும் கஷ்டம். எனக்கு ரொம்பப் பிடித்தது இது: "தாக்கு" என்று கற்றுக் கொடுத்தாலும் அது மனிதர் மாதிரி இருப்பவர்களையும் மற்ற மிருகங்களையும்தான் தாக்கும். எலும்புக்கூடு எழுந்து நடந்து வந்தால் கிட்டப் போகாது. அதையும் தாக்கணும் என்றால் அதே பாடத்தை இரண்டாவது தடவை கற்றுக் கொடுக்கணும். எழுதினவர் நாய் வளர்த்தவராகத்தான் இருக்கணும்.

2014 பதிப்பில் ரேஞ்சர்களில் மிருகத்தோடு திரிகிற வகை ஒன்று உண்டு. அவர் தன் முறையை விட்டுக் கொடுத்தால்தான் அவருடைய மிருகம் கடிக்கும். இல்லாவிட்டால் சும்மா நிற்கும். இது நிறைய பேருக்குப் பிடிக்கவில்லை. 2020ல் ஒரு துணைப் புத்தகத்தில் மாற்றினார்கள். சின்னதாக ஒரு கட்டளை கொடுத்தால் தாக்கும், கொடுக்காவிட்டால் தன்னைத் தற்காத்துக்கொள்ளும். செத்தால், ஒரு மணி நேரத்துக்குள் தொட்டு மந்திர சக்தி கொஞ்சம் செலவழித்தால் எழுந்துவிடும். 2024 பதிப்பிலும் கிட்டத்தட்ட அதுவே.

பாத்ஃபைண்டர் என்று இன்னொரு விளையாட்டு. அதன் 2019 பதிப்பில் உங்களுடைய மூன்று செயல்களில் ஒன்றைச் செலவழித்து ஆணையிட்டால் மிருகத்துக்கு இரண்டு செயல் கிடைக்கும். நன்றாக வளர்ந்த மிருகம் ஆணை இல்லாமலே ஒரு செயல் செய்யும்.

எல்லாவற்றிலும் ஒரு பயம் பொதுவாகத் தெரிகிறது. நாய் வைத்திருப்பவனுக்கு ஒரு சுற்றில் இரண்டு முறை கிடைத்துவிட்டால் மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் இந்த விதிகளில் பாதிக்கு நாய் என்பது இரண்டாவது கத்தி, அவ்வளவுதான்.

எங்க ஊர் ஆளுக்கு அதை ஏற்றுக்கொள்வது கஷ்டம்.

நான் பிறந்து வளர்ந்தது ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் மேலே ஆழம் போகிற சுரங்கம். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், அந்த ஊரில் முக்கால்வாசிப் பேரின் கதை அதுதான். சித்தப்பா குடும்பம் லைன் வீட்டில் இருந்தது. லைன் என்றால் வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டின தொழிலாளர் குடியிருப்பு. ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டுக்காரர்கள் தும்முவார்கள். அங்கே நாய் எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை, லைனுக்குச் சொந்தம். ஒரு வீட்டில் சோறு, ஒரு வீட்டில் எலும்பு, ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களோடு துணைக்கு நடை.

லைன் நாய்களுக்குள் சண்டை வந்தால் நாங்கள் பையன்கள் எங்க நாய் பெயரைச் சொல்லிக் கத்துவோம். அப்பா ஒரு தடவை அதட்டினார்: "கூப்பிடாதடா! நீ கூப்பிட்டா அது உன்னத் திரும்பிப் பாக்கும். அந்த நேரத்துல அடுத்தது கடிச்சிடும்." சண்டைக்கு முன்னால் பழக்கினதுதான் சண்டையில் உதவும், நடுவில் கத்துவது உபத்திரவம் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்கு. 3.5 பதிப்பு எழுதினவருக்கும் அப்பாவுக்கும் நல்லா ஒத்துப் போயிருக்கும்.

திண்ணையில் நாங்கள் ஆடின மேசை விளையாட்டு ஆடுபுலி. மூன்று புலி, பதினைந்து ஆடு. புளியங்கொட்டைதான் ஆடு. எத்தனை ஆடு வெட்டுப்பட்டாலும் யாரும் அழுததில்லை, ஏன் என்றால் எந்த ஆட்டுக்கும் பெயர் கிடையாது. பெயர் வைத்துவிட்டால் காய் காயாக இருக்காது.

பெயர் என்றதும் இன்னொரு விஷயம். சண்டையில் நின்ற நாய்க்குப் பெயரோடு கல் நட்டவர்கள் நம்ம பக்கத்து ஆட்கள். திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவர் தன் எருமைகளைக் காக்கப் போய் விழுந்துவிட்டார். அவருடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்து, அவரை விட்டு அகலாமல் காவல் நின்றது. நாயின் பெயர் கோவிவன். கல்லில் வீரனோடு நாயையும் செதுக்கி, பெயரையும் எழுதியிருக்கிறார்கள். பழைய வட ஆற்காடு, தாத்தா புறப்பட்டு வந்த பக்கம்.

கர்நாடகத்தில் இன்னொன்று. மண்டியா மாவட்டத்து ஆதகூர் கல், இப்போது பெங்களூர் கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 949ல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் விழுந்த போர் கல்கி படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் போரில் வென்ற பக்கத்தில் இருந்தவன் கங்க மன்னன் பூதுகன். எங்க கோலார்தான் அந்தக் கங்கர்களின் பழைய தலைநகர், குவலாலபுரம். பூதுகனுடைய வீரன் மணலேரன். உனக்கு என்ன வேண்டும் கேள் என்று அரசன் சொன்னபோது மணலேரன் கேட்டது ஒரு வேட்டை நாயை. பெயர் காளி. பிறகு ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு சண்டை போட்டு, காளியும் பன்றியும் சேர்ந்தே செத்தார்கள். அதற்குக் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். கல்லின் மேல் நாயும் பன்றியும் மோதுகிற சிற்பம் இருக்கிறது. அடுத்த தடவை பெங்களூர் போனால் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

இரண்டு கல்லிலும் நாய் கத்தி இல்லை, கூட வந்தவன். சாகக்கூடியவன், அதனால்தான் கல். இது பிடிபட்டதும் எங்க மேசை விதி தானாக வந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம்:

1. ஆட்டம் தொடங்கும் முன் நாய்க்காரனிடம் கேட்கணும்: "உன் நாய்க்கு என்னென்ன ஆகலாம், என்ன ஆகவே கூடாது?" பையன் யோசித்துச் சொன்னான்: "அடிபடலாம். சித்திரவதை கூடாது. காணாமப் போகக் கூடாது." சாவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2. நாய் தன் எஜமான் முறையிலேயே நகரும். பகடையை அவனே உருட்டுவான். அரை நிமிஷத்துக்கு மேல் எடுக்கக் கூடாது.

3. நாய்க்கு மூன்று பாடம். 6 என்பதைப் பாதியாக்கினோம், பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கணுமே. கற்றதை மட்டும்தான் ஏவலாம். ஏவாவிட்டால் நாய் தன்னைக் காத்துக்கொண்டு எஜமான் பக்கத்தில் நிற்கும்.

4. பயம் உண்டு. பாதி ஹிட் பாயின்ட் போனாலோ, கூட்டத்தில் யாராவது விழுந்தாலோ இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டணும். எண் கூடிப் போனால் நாய் பின்வாங்கும். 1981 பேசிக் பதிப்பில் அடியாட்களுக்கும் பூதங்களுக்கும் இருந்த விதி, நாய்க்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

5. எதிரி வேண்டுமென்றே நாயைத் தேடி வெட்ட மாட்டான். ஆனால் வழியில் நின்று கடிக்கிற நாயை வெட்டுவான்.

6. 0க்கு வந்தால் நாயும் மனிதன் மாதிரியே மயங்கி விழும், பிழைக்கப் பகடை உருட்டும். மூன்று தடவை தவறினால் சாவுதான்.

மணி அட்டையில் பையன் முதல் பாடம் "பிடி" என்று எழுதினான். இரண்டாவது "காவல்". மூன்றாவதைக் காலியாக விட்டான். அப்புறம் எழுதறேன் அங்கிள் என்றான்.

அட்டைக்காக அவன் தாத்தாவுக்குப் போன் போட ஆரம்பித்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை இங்கே 7 மணி என்றால் ஓசூரில் மாலை 4.30. மணி இப்ப எதுக்கெல்லாம் பயப்படறான் தாத்தா, யாரைப் பார்த்தா உறுமறான் என்று கேட்பானாம். ஒரு வாரம் வந்து, "வெடிச் சத்தத்துக்கு ஓடிப் போய்க் கட்டிலுக்கு அடியில படுத்துக்கும்" என்று அட்டையில் சேர்த்தான். அன்றைக்கே மந்திரவாதிப் பெண் தண்டர்வேவ் மந்திரம் போட்டாள். 300 அடிக்குக் கேட்கிற இடிச் சத்தம். மணி ஓடியே போனான். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள், பையனும்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது வாரம் காப்ளின் குகை. ஊர் மக்களை அடைத்து வைத்திருக்கிற கூண்டின் சாவி காப்ளின் தலைவன் இடுப்பில். இரண்டாவது சுற்றில் பையன் "பிடி" என்றான். மணி பாய்ந்து ஒருவனைக் கீழே தள்ளியது. பக்கத்தில் இருந்த காப்ளின் வாளை வீசினான். நான் எப்போதும் எல்லோரும் பார்க்கத்தான் உருட்டுவேன். 17. மணி மேல் அடி விழ 12 போதும். வெட்டு 6.

மணி விழுந்தான்.

யாரும் பேசவில்லை. தலைவன் சாவியோடு ஓடத் தொடங்கினான். மந்திரவாதிப் பெண் கத்தினாள்: "நாயை அப்புறம் பாத்துக்கலாம், அவன் ஓடறான், அம்பு விடு!" அவள் சொன்னதும் தப்பில்லை. கூண்டுக்குள் ஊர் ஜனம் இருக்கிறது. அவன் ஒருவனிடம்தான் அவ்வளவு தூரம் எட்டுகிற வில் இருந்தது.

பையன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அரை நிமிஷ விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அப்புறம் சொன்னான்: "நான் போகல. வில்லைக் கீழ போட்டுட்டு மணிகிட்ட உக்கார்றேன்."

மணிக்கு முதல் பகடை தவறியது. இரண்டாவதும் தவறியது. எங்க பொண்ணு மருத்துவப் பூசாரி பாத்திரம், அவளிடம் குணமாக்கும் மந்திரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். போர்வீரன் பையன் 2 ஹிட் பாயின்ட்டில் தள்ளாடிக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்தாள். அவன், "எனக்கு வேணாம், அதுக்குப் போடு" என்றான். அவள் நடந்து போய் நாய் மேல் கை வைத்தாள். மணி கண்ணைத் திறந்தான்.

தலைவன் தப்பிவிட்டான். சாவியும் போச்சு. அதைத் தேடிப் பிடிக்க இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை ஆனது. மந்திரவாதிப் பெண் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். நான் சமாதானம் பேசப் போகவில்லை. விலை இல்லாமல் செய்கிற காரியத்துக்கு என்ன மதிப்பு?

எல்லோரும் கிளம்பின பிறகு பையன் அட்டையை எடுத்து, காலியாக இருந்த மூன்றாவது பாடத்தை எழுதினான். "வீட்டுக்குப் போ."

எதுக்குடா இது என்றேன்.

"சண்டை பெருசாச்சுன்னா அது போயிடட்டும் அங்கிள். நான் முடிச்சிட்டு வர்றேன்."

அவங்க அம்மா வாசலில் செருப்பு போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை, பையன் தோளில் கை வைத்து அழைத்துப் போனார்.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடினபோது எங்க ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே மாதிரிப் பேச்சு நடந்தது. ஆட்கள் மாரிகுப்பம் வண்டி ஏறி பெங்களூர் வேலைக்குப் போய் வந்தார்கள், பலர் அங்கேயே குடி போனார்கள். லைன் நாய்களுக்கு வண்டியில் இடமில்லை. அப்பா தினம் சாயந்திரம் ஒரு பாத்திரத்தில் சோறு எடுத்துக்கொண்டு சித்தப்பா இருந்த லைன் பக்கம் நடப்பார். ஏம்ப்பா இவ்வளவு தூரம் என்றால், "அதுங்க எங்கயும் போகல இல்ல" என்பார். அதற்கு மேல் அவர் விளக்கினதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்க பிள்ளை இந்த ஆட்டத்தில் நாயோ, பருந்தோ, குதிரையோ வைத்துக்கொண்டால் அதை ஆயுதக் கணக்கில் எழுத விடாதீர்கள். அது எதற்குப் பயப்படும், யாரிடம் ஒட்டும், என்ன பாடம் தெரியும் என்று கேளுங்கள். அடி விழும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அடி விழுந்தால் பக்கத்தில் உட்கார ஒரு முறை கொடுங்கள். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும். பரவாயில்லை, பிரியாணி ஆறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மணிக்கு இப்போது இரண்டாவது லெவல். 9 ஹிட் பாயின்ட். ஓசூர் மணிக்கு உண்ணி மருந்து போட்டாச்சு என்று தாத்தா சொன்னாராம், அதையும் அட்டையில் எழுதியிருக்கிறான். அதற்கு என்ன விதி என்று இனிமேல்தான் யோசிக்கணும் :-)